நாழி சுற்றிய வீடுகள்

தில்லியில் மயூர் விஹார் முதல் ஃபேஸுக்கு நாங்கள் குடிவந்தது 1986-ல். அந்த வருஷத் தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்தது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான்: மாவு அரைத்துக் கொடுப்பவர் எங்கே இருக்கிறார்?

எங்கள் ஊரான கும்பகோணத்தில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. அரிசிக்கு ஒரு மெஷின், மிளகாய்க்கு ஒரு மெஷின் என்று மில்லிலேயே பிரித்து வைத்திருப்பார்கள். தில்லியில் சக்கி என்றால் கோதுமை. காலையிலிருந்து ராத்திரிவரை அந்தக் கல்லில் கோதுமைதான் ஓடும், நடுவில் கொஞ்சம் கடலைப்பருப்பு. அரிசியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றவளை சக்கிக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பையில் கையை விட்டு அரிசியை அளைந்தார். ஈரம் இருக்கிறது, கல்லில் அப்பிக்கொள்ளும், நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

அம்மா விடவில்லை. தில்லியில் மலிவாகக் கிடைத்த பர்மல் அரிசியைக் களைந்து, ஊறவைத்து, வடித்து, பழைய எட்டு முழ வேட்டியில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தாள். அப்புறம் இன்னொரு சிக்கல் தெரிந்தது. கோதுமை ஓடிய கல்லில் அரிசியைக் கொட்டினால் முதலில் விழும் மாவு பழுப்பாக இருக்கிறது. கோதுமை கலந்த மாவில் தேங்குழல் பிழிந்தால் கரகரப்பு வராது, ரப்பர் மாதிரி இழுக்கும். அதற்கும் வழி கண்டுபிடித்தாள். எங்கள் பிளாக்கிலும் அடுத்த பிளாக்கிலுமாக நாலு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நாலு வீட்டு அரிசியையும் ஒரே நாளில் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். முதலில் விழும் ஒரு படி மாவைத் தனியாகக் கட்டிக் கோலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மிச்சம் வெள்ளைவெளேர் என்று வந்தது. அதை நாலாகப் பங்கு போட்டார்கள். அந்தக் கோலமாவு கார்த்திகைவரை வந்தது.

முறுக்கு பிழிய நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாழி. அம்மாவின் கல்யாணத்துக்குக் கும்பகோணம் பாத்திரக் கடையில் பாட்டி வாங்கிக் கொடுத்த பித்தளை நாழி. தேங்குழலுக்கு மூன்று துளை, முள்ளு முறுக்குக்கு நட்சத்திரம், நாடா பக்கோடாவுக்கு இரண்டு கீறல், ஓமப்பொடிக்குப் பொடித் துளை, மனோகரத்துக்கு ஒற்றைத் துளை என்று ஐந்து வில்லைகள். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று அது சுற்றும். போகும் வீட்டில் அம்மாவும் போய் உட்காருவாள். ஒருத்தி பிழிய, ஒருத்தி திருப்பிப் போட, ஒருத்தி வடித்து எடுக்க. எங்கள் முறை வரும்போது அவர்கள் வருவார்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் அடுப்பை அணைக்கப் பதினோரு மணி ஆகும்.

அந்த ராத்திரிகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது இன்றுவரை கைவிடவில்லை. எண்ணெயைக் காதால் கவனிக்க வேண்டும். நாலு பங்கு அரிசிமாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்துமாவு. தில்லிக் குளிரில் கல்லாகிப்போன வெண்ணெயை அடுப்பின் பக்கத்தில் வைத்து இளக்கிச் சேர்ப்பாள். சீரகம், உப்பு, கரைத்த பெருங்காயம். பிசைந்த மாவை வில்லை போட்ட நாழியில் அடைத்து எண்ணெய்க்கு மேலே பிடித்துச் சுற்றினால் இழை இறங்கிய உடனே வாணலி முழுக்க நுரை கட்டிச் சளசளவென்று சத்தம் போடும். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாக வெளியே வரும் சத்தம் அது. நான் கண்கரண்டியை நீட்டினால் அம்மா கையைத் தட்டிவிடுவாள். "நிறத்தைப் பார்க்காதே, ஓசை அடங்கட்டும்டி" என்பாள். நுரை குறையும், சத்தம் தேயும், கடைசியில் வாணலி ஏறக்குறைய மௌனமாகிவிடும். அந்த நேரத்தில் எடுத்தால் ஒரு மாதம் ஆனாலும் நமுக்காது. அரை நிமிஷம் முன்னால் எடுத்தால் நடுவில் ஈரம் நின்று மறுநாளே வளையும்.

அவ்வளவு நேரம் பொரித்துவிட்டு அம்மா ஒன்றைக்கூட வாயில் போடமாட்டாள். எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்து அடித்து அவளுக்கு வாந்தி வருவதுபோல் இருக்கும். மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பாள். இதை நான் அப்போதும் பார்த்தேன், ஆனால் பார்த்ததாகவே மனசில் பதியவில்லை.

எங்களுக்குத் தீபாவளி நரகசதுர்த்தசி விடியற்காலை. பக்கத்து வீடுகளுக்கு அமாவாசை ராத்திரி. அதனால் எங்கள் தட்டு முதலில் போகும், அவர்கள் தட்டு மறுநாள் வரும். யார் வீட்டுத் தட்டும் வெறுமனே திரும்பியதில்லை. எதிர் ஃப்ளாட் பஞ்சாபி ஆன்ட்டி வீட்டிலிருந்து ஓமம் போட்ட மட்டியும் சக்கர்பாராவும் வரும். எங்கள் தேங்குழலை அவர் "நம்கீன் ஜிலேபி" என்பார். ஹோலிக்கு நாலு நாள் முன்னால் அவர் வீட்டு மொட்டை மாடியில் குஜியா செய்ய உட்காருவார்கள். அம்மாவும் போவாள். வட்டமாக இட்ட மைதாவில் கோவாப் பூரணத்தை வைத்து மடித்து, ஓரத்தை விரலால் முறுக்கிக்கொண்டே போக வேண்டும். நம் சோமாசிக்கு அக்காதான் அது. அம்மாவின் ஹிந்தி அந்த மொட்டை மாடியில்தான் வளர்ந்தது. மாவு, உப்பு, எண்ணெய், மிதமான தீ என்ற வார்த்தைகளை முதலில் கற்றாள், மீதி ஹிந்தி பின்னால் வந்தது.

இத்தனைக்கும் நடுவில் வளர்ந்த நான் பள்ளிக்கூடத்தில் என் டிபன் டப்பாவை மறைத்தேன்.

அந்த நாட்களில்தான் அங்கிள் சிப்ஸ் வந்தது. டி.வி.யில் விளம்பரம் வரும், மறுநாள் வகுப்பில் இரண்டு பேர் அந்தப் பளபளக்கும் பொட்டலத்தைக் கொண்டுவருவார்கள். பிரிக்கும் சத்தத்துக்கே பத்துப் பேர் திரும்புவார்கள். என் டப்பாவில் நாலு தட்டையும் ஒரு பொரிவிளங்காய் உருண்டையும் இருக்கும். அந்த உருண்டையைப் பார்த்து ஒரு பெண் "இது கல்லா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் நான் அதை எடுத்துப்போகவில்லை. அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை, பசிக்கவில்லை என்றேன். பயறும் அரிசியும் வறுத்து வெல்லப்பாகில் பிடித்த உருண்டை. ஒன்று தின்றால் சாயங்காலம்வரை தாங்கும்.

வீட்டில் செய்தது என்றால் வாங்க வசதியில்லை என்று அர்த்தமாக இருந்த காலம் அது. என் பிறந்தநாளுக்கு வந்த தோழிகளுக்குக் கடைச் சிப்ஸ் வைக்க வேண்டும் என்று அழுதேன். அப்பா கடைக்குப் போய் வாங்கி வந்தார். அம்மா முதல்நாள் பிழிந்து வைத்திருந்த ஓமப்பொடியைச் சமையலறையிலேயே விட்டுவிட்டுச் சிப்ஸைத் தட்டில் கொட்டி எடுத்து வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இன்றைக்குத் தெரிகிறது.

வீட்டில் பலகாரம் நின்றுபோனது ஒருநாளில் இல்லை, யாரும் தீர்மானித்தும் இல்லை. நாலு வீடுகளில் ஒன்று சென்னைக்கு மாற்றலாகிப் போனது, ஒன்று நொய்டாவுக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்கு வேலை, கல்யாணம், குழந்தை. 1999-ல் குர்குரே வந்தது. அந்தப் பொட்டலத்தின் பின்பக்கம் அரிசிமாவு, கடலைமாவு என்று பார்த்தபோது ஒரு கணம் நின்றேன். அம்மா பிசைவதும் அதைத்தானே! தொழிற்சாலையில் பிழியும் இயந்திரமும் ஒருவகையில் நாழிதான். துளைபோட்ட வில்லை வழியாக மாவு அழுத்தத்தில் வெளியே வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே சூட்டிலும் அழுத்தத்திலும் மாவு உள்ளேயே வெந்து, துளையைத் தாண்டிய நொடியில் பொரிந்து உப்பிவிடுகிறது. ஒருவருக்கும் கழுத்து வலிப்பதில்லை. பொட்டலம் உப்பியிருப்பதும் வெறும் காற்றால் இல்லை; எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்க நைட்ரஜன் அடைக்கிறார்கள். நாங்கள் அதே காரியத்துக்கு டால்டா டின்னில் மூடியை இறுக்கித் துணி கட்டினோம்.

நாழி பரணுக்குப் போனது. சரியாக எந்த வருஷம் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதே வேதனையாக இருக்கிறது.

நான் வளர்ந்த அதே மயூர் விஹாரில்தான் இன்றும் இருக்கிறேன். யமுனைக் கரையில் காய்கறிப் பாத்திகள் தெரிந்த இடத்தில் 2009 நவம்பரிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம் போனால் வாழைக்காய் வறுவலும் அப்பளமும் வாங்கலாம். அது ஒன்றும் குறையில்லை. என்னைக் கவலைப்படுத்துவது வேறு. ராத்திரி பத்தரை மணிக்கு என் மகன் போனைத் தடவுகிறான். பத்து நிமிஷத்தில் ஒரு பையன் ஹெல்மெட்டோடு மூன்று மாடி ஏறி வந்து நிற்கிறான், கையில் இரண்டு பொட்டலம். இது வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறது.

முன்பு எங்களைக் காப்பாற்றியது பலகாரத்தின் பரிசுத்தம் மட்டும் இல்லை. அதைச் செய்வதில் இருந்த சிரமம்தான் எங்களைக் காப்பாற்றியது. அரிசி காய இரண்டு நாள், சக்கிக்கு ஒரு நடை, பொரிக்க ஐந்து மணி நேரம். அவ்வளவு பாடுபட்டு இரண்டு டின் நிறையும். அந்த இரண்டு டின்தான் அடுத்த பண்டிகைவரை. மாலையில் ஆளுக்கு இரண்டு என்று அம்மா எண்ணிக் கொடுப்பாள். மூன்றாவது கேட்டால் கிடைக்காது. சிரமத்தை எடுத்தபோது அளவும் சேர்ந்து போய்விட்டது.

என் கணவருக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்த பிறகுதான் நான் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். சத்துக் கணக்கில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருக்கும் கணக்கும் ஏமாற்றக்கூடியது. அந்த ஒரு பரிமாறல் பல பொட்டலங்களில் பாதிகூட இருக்காது. யார் பாதியில் நிறுத்துகிறார்கள்? தில்லியிலேயே இருக்கும் சிஎஸ்இ என்ற அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2019 டிசம்பரில் சிப்ஸ், நம்கீன், உடனடி நூடுல்ஸ், பர்கர் என்று 33 பண்டங்களைச் சோதித்து, உப்பும் கொழுப்பும் அளவுக்கு மிக அதிகம் என்று சொன்னது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் அதிகம் பதப்படுத்திய உணவுகளைக் குறையுங்கள், லேபிளைப் படியுங்கள் என்கிறது.

அதற்காக அன்று வீட்டில் செய்ததெல்லாம் அமுதம் என்று நான் எழுதமாட்டேன். எதிர் வீட்டு மட்டிக்கும், பல நாள் எங்கள் தட்டைக்கும் போட்டது வனஸ்பதி. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இது நல்ல மாற்றம். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் எல்லா வீட்டிலும் நடந்தது. அம்மாவே மிச்ச எண்ணெயை ஜாடியில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்திருப்பாள். கடைகளுக்கு 2018 ஜூலையிலிருந்து இதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சமையலறைக்கு வந்து யாரும் பார்க்கப்போவதில்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் கறுத்தால், புகைந்தால் கொட்டிவிடுங்கள்.

2020 ஊரடங்கில்தான் நாழி கீழே இறங்கியது. கடைகள் அரைகுறை, சாமான் வருவதும் நிச்சயமில்லை. ஆகஸ்டில் கோகுலாஷ்டமி. சென்னையில் தம்பி வீட்டில் இருந்த அம்மாவைக் கேட்காமல் நானே முதலில் சீடை உருட்டினேன். முதல் ஈடு போட்டு ஒரு நிமிஷம் இருக்காது, வாணலியில் படார் என்று வெடித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எண்ணெய் கூரையில் அடித்தது, என் முழங்கையில் தெறித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாவைச் சலிச்சியா?" என்றாள்.

"ஒருதடவை."

"ரெண்டு தடவை சலிக்கணும். உளுந்துமாவையும்தான். உருட்டினதைத் துணியில போட்டு உலரவிட்டியா? அழுத்தி உருட்டினியா?"

நான் லட்டு மாதிரி வழவழவென்று அழுத்தி உருட்டியிருந்தேன். அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தது தப்பு. மேல்பகுதி உடனே ஓடுபோல் இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி தெரியாமல் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும். லேசாக, கொஞ்சம் சொரசொரப்பாகவே உருட்ட வேண்டும், ஊசியால் ஒரு குத்து குத்தினால் இன்னும் பத்திரம். இதை அம்மா இருபது வாக்கியத்தில் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். இருபது வருஷம் அவள் பக்கத்தில் நின்ற எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் செய்தது வெடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சுற்றிலும் பார்த்தால் காலம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மணப்பாறை முறுக்குக்கு 2023-ல். நான் மேசைக்கு அடியில் மறைத்த வகையறாக்கள் இவை. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே "ஹோம் மேட் தேங்குழல் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். தமிழர்கள் மட்டும் இல்லை, பஞ்சாபிகளும் வங்காளிகளும் கேட்கிறார்கள். வீட்டில் பிழிந்து விற்கும் பெண்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கடைப் பொட்டலத்தைவிட அவர்கள் விலை கூடுதல். கூடுதலாகவே இருக்க வேண்டும். அம்மாவின் ஐந்து மணி நேரத்துக்கு யாரும் விலை போட்டதில்லை. இவர்களுடைய கழுத்து வலிக்காவது கூலி கிடைக்கிறது. பேரம் பேசாதீர்கள்.

போன தீபாவளிக்கு நான் தேங்குழல் செய்தேன். சக்கிக்குப் போகவில்லை, கடையில் விற்கும் இடியாப்ப மாவையே வாங்கினேன், உளுந்தை மட்டும் வறுத்து மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது. பழையபடி இரண்டு நாள் அரிசி காயவைத்தால்தான் உண்டு என்று பயமுறுத்தினால் யாரும் அடுப்பைப் பற்றவைக்கமாட்டார்கள். ஒரு கிலோ மாவு, அதற்குமேல் வேண்டாம். பிழிவதை மகனிடம் கொடுத்தேன். நாழியைப் பிழிவது தோள்பலம் வேண்டிய வேலை, அதை எத்தனையோ காலம் பெண்கள் தலையிலேயே கட்டியிருந்தோம். கணவர் திருப்பிப் போட்டார். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நானும் சூடாக இரண்டு சாப்பிட்டேன். மகன் முதல் ஈட்டில் கரண்டியை நீட்டியபோது அவன் கையைத் தட்டிவிட்டேன். சத்தம் அடங்கட்டும் என்றேன். அவன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் எதிர் ஃப்ளாட்டுக்குத் தட்டு போனது. பழைய ஆன்ட்டி இப்போது இல்லை, அவருடைய மருமகள் இருக்கிறார். தட்டு இரண்டு நாள் கழித்து மட்டியோடு திரும்பி வந்தது. மாமியாரின் கைப்பக்குவமாம். ஆனால் வனஸ்பதி போடவில்லை, நெய் போட்டதாகச் சொன்னார்.

இந்த வருஷம் நீங்களும் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். தேங்குழல் போதும். சீடையில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டிலுள்ள ஆண்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், டின்னை மூடி எண்ணிக் கொடுங்கள். அம்மாவோ அத்தையோ பாட்டியோ இருந்தால் இன்றைக்கே போன் போட்டு அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மயூர் விஹாரில் இருப்பவர்கள் நாழி இல்லையே என்று நிற்க வேண்டாம். எங்கள் வீட்டு நாழியில் ஐந்து வில்லையும் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிப் போங்கள், கழுவித் துடைத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள்.